காயாத கட்டுமரம்

தேசப்பனின் கால் இரண்டு மரங்களுக்கு நடுவே சிக்கியபோது நான் அவல் தின்றுகொண்டிருந்தேன்.

உப்புத் தண்ணீரில் ஊறிய அவல். வாயில் போட்டால் தானே கூழாகிவிடும், மெல்ல வேண்டிய சிரமமில்லை. விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். எங்கள் கட்டுமரம் தண்ணீருக்கு மேலே மிதந்த காலம் போய், தண்ணீருக்குள்ளேயே மிதக்கத் தொடங்கியிருந்தது. உட்கார்ந்தால் இடுப்பு நனையும். நின்றால் முழங்காலோடு போகும். ஆகவே நின்றபடியே சாப்பிடுவது என்று ஆகிவிட்டது.

தேசப்பன் தினமும் காலையில் செய்கிற வேலையைத்தான் அன்றும் செய்தார். இரவெல்லாம் அலையில் ஆடித் தளர்ந்த கயிறுகளை இழுத்துக் கட்டுகிற வேலை. ஓரத்து மரம் ஒரு புரள் புரண்டது. அவர் கத்தவில்லை. "அருளு, இப்படி வா" என்று மட்டும் சொன்னார்.

நானும் சவரிநாதன் மாமாவும் துடுப்பைச் செருகி நெம்பினோம். கால் வெளியே வந்தது. கணுக்காலுக்கு மேலே எலும்பு தெரிந்தது. மாமா "மோன் தியே" என்று கடவுளைக் கூப்பிட்டுவிட்டுத் தன் சட்டையைக் கிழித்தார்.

தேசப்பன் காலைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"கர எம்மாந் தூரம் முசே?"

எங்கள் மூன்று பேரில் யாருக்கும் அது தெரியாது. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே வேண்டுதல்தான். ஏதாவது ஒரு கரை வேண்டும், அந்தக் கால் அழுகுவதற்கு முன்னால் வேண்டும். மாமாவுக்கோ ஏதாவது ஒரு கரை போதாது. அவருக்கு அக்கரை வேண்டும்.

பர்மாவுக்குப் போனவன்

இந்தத் தொடரில் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினேன். முதலியார்பேட்டைப் பஞ்சாலையில் நான் கணக்கெழுதிய காலத்தை எழுதினேன். சென்ற வாரம் என் கல்யாணக் கூத்தைக்கூட எழுதிவிட்டேன். கடலை மட்டும் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். வாசகர்கள் விடுவதாக இல்லை. "நீங்கள்தானே கட்டுமரத்தில் பர்மாவுக்குப் போனவர்?" என்று கேட்கிறார்கள். புதுச்சேரியில் இன்னும் சில கிழங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகின்றன.

நான் பர்மாவுக்குப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

சவரிநாதன் மாமா என் அக்காவின் புருஷன். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பள்ளியில் சரித்திரம் கற்பித்தவர். ஊரில் எல்லோரும் பிரெஞ்சு வழக்கப்படி ஐயா என்பதற்கு 'முசே' என்பார்கள், மீன் விற்கிறவர்கள் உட்பட. நல்ல உயரம். வெள்ளைக் கால்சட்டை, கஞ்சி போட்ட சட்டை. கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் விட்டதே கிடையாது. சாம்பாரில் உப்பு ஏன் அதிகம் என்று அக்காவைக் கேட்டால்கூட, அக்கா வாயைத் திறப்பதற்குள் உப்பளங்களின் சரித்திரத்தில் இறங்கிவிடுவார்.

அவருக்கு ஒரு பைத்தியம். நான் பைத்தியம் என்றுதான் சொல்வேன், செத்துப்போனவரைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம். கப்பல் கட்டத் தெரிவதற்கு முன்பே நம் கரைக்காரர்கள் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, காற்றின் போக்கில் கடலைத் தாண்டிக் கீழ்த்திசை நாடுகளில் குடியேறினார்கள் என்பது அவர் கட்சி. பர்மா, மலேயா, ஜாவா எல்லாம் அப்படித்தான் என்பார்.

எங்கோ பெரிய சமுத்திரத்தில் வெள்ளைக்காரர்கள் சிலர் கட்டைகளால் தெப்பம் கட்டி, பழங்கால ஜனங்கள் இப்படித்தான் தீவுகளுக்குப் போனார்கள் என்று நிரூபித்ததாக ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் படித்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை அவருக்கு.

"கட்டுமரம்ங்கிற வார்த்தையையே நம்மகிட்டேருந்துதான் எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். அகராதியில போட்டுக்கிட்டான். மரத்துல ஏறிப் போய்க் காட்றது மட்டும் அவனா? அலோர், அப்போ நாம என்ன பண்றோம்?" என்று என்னைக் கேட்டார்.

நாம் பேசாமல் சாப்பிடுகிறோம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அவர் பேசினால் வாயைப் பிளந்து கேட்கிற ஆள் நான்.

என்னைக் கிளப்பியது அவர் இல்லை, அக்காதான். "நீ கூடப் போ அருளு. நீ இருந்தாதான் அவரு திரும்பி வரணும்னு நெனப்பாரு. என் புருஷன எங்கிட்ட கொண்டாந்து சேத்துடு" என்றாள். சரி என்றேன். தேசப்பனின் மனைவி அஞ்சலை என்னிடம் எதையும் கேட்டு அனுப்பவில்லை. தினமும் கடலுக்குப் போய்த் தினமும் திரும்புகிற புருஷனைப் பற்றி அவளுக்கு என்ன கவலை இருக்கும்?

தேசப்பன் ஏன் வந்தார்

தேசப்பன் வைத்திக்குப்பத்துக்காரர். மாமாவைவிட நாலைந்து வயது குறைவு. மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு அவர் பேசுவது கொஞ்சம்தான். அவர் ஏன் இதற்கு ஒத்துக்கொண்டார் என்று குப்பத்தில் பலருக்கும் புரியவில்லை. நான் ஒருநாள் கேட்டேன்.

"நானும் பொறந்ததுலேருந்து கடலுக்குப் போறேன் தம்பி. கோயில் கோபுரம் தெரியும், பழைய வெளக்குக் கம்பம் தெரியும், அதப் பாத்துக்கினே வல போடுவோம். அது மறைஞ்சா திரும்பிடுவோம். மறைஞ்சதுக்கு அப்பால என்னா இருக்குதுன்னு ஒரு தபா பாக்கணும்."

அவ்வளவுதான் காரணம். மாமாவின் காரணத்தைவிட அது எனக்குப் பிடித்திருந்தது, இன்றும் பிடித்திருக்கிறது. அதனால்தான் நினைத்தால் வயிறு எரிகிறது.

காப்பு

கட்டுமரம் என்பது கட்டியே வைத்திருக்கிற பொருள் இல்லை. இது எங்கள் கடற்கரையில் நண்டுக்கும் தெரியும். கடலுக்குப் போய் வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து, மணலில் போட்டுக் காயவிடுவார்கள். காயாவிட்டால் மரம் தண்ணீர் குடிக்கும். குடித்த மரம் கனக்கும், தாழும்.

எங்களுடையது பெரிய கட்டுமரம். மலையிலிருந்து லாரியில் வந்த மரங்கள். ஆணி கிடையாது, இரும்பு கிடையாது, திசை காட்டும் கருவி கிடையாது, தகர டப்பாகூடக் கிடையாது. பழங்காலத்தவனிடம் இல்லாதது எதுவும் கூடாது என்பது மாமாவின் சட்டம். குடிதண்ணீர் மண்பானைகளில். நடுவில் தென்னங்கீற்றில் ஒரு சின்னக் குடிசை. புயலில் ஒடிந்துபோன பழைய துறைமுக இரும்புப் பாலத்தின் கம்பங்கள் அப்போது கடலில் நட்டமாக நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில், அலை உடைகிற இடத்தைத் தாண்டி அதைக் கட்டி நிறுத்தினார்கள்.

மாசி மகம் வந்தது. சுற்றுப்பட்ட ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்கு வருகிற நாள். அதைவிட நல்ல நாள் எங்கே கிடைக்கும் என்று குப்பத்தார் கட்டுமரத்துக்குப் பூசை போட்டு, எல்லா மரங்களையும் வளைத்து மஞ்சள் காப்புக் கட்டிவிட்டார்கள். மாமா கிறிஸ்தவர் அல்லவா, அவர் பங்குக்கு விடுவாரா? மாதா கோயில் சாமியாரைப் படகில் ஏற்றிப் போய் மந்திரித்த தண்ணீர் தெளிக்க வைத்தார். கரையில் ஒரே கூட்டம். அக்கா மட்டும் வரவில்லை.

ஒரு வாரத்தில் புறப்பாடு என்று பேச்சு. அனுமதிக் காகிதம் ஒன்றுதான் பாக்கி.

நீங்கள் எந்த நாட்டுப் பிரஜை?

அந்தக் காகிதத்தின் கதை வேறு எந்த ஊரிலும் நடந்திருக்காது.

கொடி மாறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள். காகிதத்தில் மட்டும் இன்னும் போகவில்லை. ஊரை ஒப்படைக்கிற ஒப்பந்தம் பாரீஸில் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்தது. ஆகவே புதுச்சேரியில் பிறந்தவன் பிரெஞ்சுக் குடிமகனா, இந்தியக் குடிமகனா என்று கேட்டால், கேட்டவனும் விழிப்பான், கேட்கப்பட்டவனும் விழிப்பான். கரையோடு இருக்கிறவனுக்கு இதனால் ஒன்றும் குறைவில்லை. ரேஷன் கிடைத்தது, சம்பளம் கிடைத்தது. கடல் தாண்டிப் போகிறவனுக்குத்தான் ஏதாவது ஒரு நாடு வேண்டியிருந்தது.

மாமாவோடு நானும் சர்க்கார் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி மரியாதையான மனிதர். நாற்காலி போட்டார்.

"நீங்க எந்த நாட்டுப் பிரஜை சார்?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்" என்றார் மாமா.

அதிகாரி பிரெஞ்சுத் தூதரகத்தைக் கைகாட்டினார். அங்கே போனோம். அவர்கள் காபி கொடுத்து, பிரெஞ்சில் நலம் விசாரித்து, முதல் இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். யார்மீதும் குற்றம் சொல்ல முடியாது. உண்மையிலேயே யாருக்கும் தெரியவில்லை. பங்குனி போயிற்று. சித்திரை போயிற்று. வைகாசியும் போயிற்று.

கட்டுமரம் தண்ணீரிலேயே நின்றது.

தாலியைக் காயப்போடுவார்களா?

மரம் தாழ்கிறது என்பது கரையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. பிரித்துக் காயப்போட வேண்டும். மாமா சொன்னார், குப்பத்துப் பெரியவர்கள் சொன்னார்கள், தேசப்பனும் சொன்னார். எல்லோரும் சொன்னார்கள், ஆனால் ஒருவரும் கை வைக்கவில்லை. காப்புக் கட்டியாகிவிட்டது. கட்டின காரியம் முடியாமல் காப்பை அவிழ்க்கக்கூடாது.

மாமாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒருநாள் கத்தியை எடுத்துக்கொண்டு படகில் கிளம்பியேவிட்டார். தேசப்பன்தான் படகைப் பிடித்து நிறுத்தினார்.

"மஞ்சக் கயிறுதானே தேசப்பா? பிரிச்சுக் காயவச்சிட்டு, மறுபடியும் கட்டிக்கலாம்."

"தாலிய அவுத்து வெயில்ல காயப் போட்டுட்டு மறுபடி கட்டிக்குவாங்களா முசே? காப்ப அவுத்தீங்கன்னா நான் ஏற மாட்டேன். வேற எவனும் ஏற மாட்டான்."

மாமா கத்தியை மடக்கினார். வேறு ஆளைத் தேட முடியாது, தேசப்பன் இல்லாமல் போகவும் முடியாது. "அதெல்லாம் தாங்கும். நம்ம ஆளுங்க அந்தக் காலத்துல மாசக்கணக்கா தண்ணியிலதானே இருந்தாங்க?" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதற்குத் தேசப்பன் தலையாட்டினார். இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு அது அழகாகக்கூடத் தெரிந்தது. அப்படி ஒரு முட்டாள்தனம் எனக்கு.

ஆனி மாதத்தில் ஒருவழியாக, யாருடைய முத்திரை என்று இன்றுவரை எனக்கு விளங்காத ஒரு முத்திரையோடு காகிதம் வந்தது. அடுத்த நாளே ஏறிவிட்டோம். மேளம் அடித்தார்கள். அஞ்சலை அலையில் இடுப்புவரை இறங்கி வந்து, கருவாட்டு மூட்டை ஒன்றைப் படகில் ஏறியிருந்த புருஷனிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். அவளுக்கு வேலை இருந்தது.

தண்ணீருக்குள்ளே

முதல் சில நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. தென்மேற்குக் காற்று பாயைப் பிடித்துத் தள்ளியது. காலாப்பட்டுப் பக்கத்துத் தோப்புகள் சின்னதாகி மறைந்தன. கரை கண்ணைவிட்டுப் போன அன்று தேசப்பன் வெகுநேரம் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணுமே இல்ல தம்பி. இங்கயும் தண்ணிதான்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதிகம் இல்லை.

பிறகு வானம் மூடிக்கொண்டது. நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை சொல்கிறேன் என்று மாமா சொல்லியிருந்தார். நட்சத்திரமே இல்லை. மரங்கள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தன. துடுப்புக்குத் திரும்ப மறுத்தன. கிழக்கிலிருந்து கொண்டல் காற்று திடீரென்று கிளம்பி அடித்ததில் பாய் கிழிந்தது, கீற்றுக் குடிசை போனது, பானைகள் ஒன்றில் ஒன்று மோதி உடைந்தன. மிச்சம் இருந்தது ஒரே பானை. அந்தக் காற்று ஓய்ந்த பிறகுதான் தேசப்பனின் கால் சிக்கியது.

அதற்குப் பிறகு எத்தனை நாள் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. ஆனால் அந்தக் கணக்கு என்னிடம் இல்லை.

கிடைத்த கட்டைகளையும் கயிற்றையும் வைத்து நடுவில் மேடு மாதிரி செய்து தேசப்பனைக் கிடத்தினோம். அப்படியும் அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போகும். உப்புத் தண்ணீர் பட்டதும் அவர் பல்லைக் கடிப்பார். நான் என் வேட்டியை மடித்துக் காலுக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்ன பிரயோஜனம்? துணியும் நனைந்தது, காலும் நனைந்தது. காலிலிருந்து நாற்றம் வர ஆரம்பித்தது.

பானைத் தண்ணீரை மாமா தேசப்பனுக்குத்தான் முதலில் கொடுப்பார். தன் பங்கையும் சேர்த்துக் கொடுத்ததை நான் பார்த்தேன். அதை மறைக்காமல் எழுத வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியம்.

"நீரோட்டம் வடக்கால இழுக்குது முசே" என்று தேசப்பன் ஒருநாள் கண்ணை மூடியபடி சொன்னார். அது மட்டும் அவருக்குப் படுத்தபடியே தெரிந்தது.

"வடகிழக்கு" என்றார் மாமா. "பர்மா வடகிழக்குலதான். சரியாத்தான் போறோம்."

 தேசப்பனுக்கும் அது சரியாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை.

அக்கரை

ஒரு விடியற்காலையில் அலை உடைகிற சத்தம் கேட்டது. நடுக்கடலில் அலை உடையாது. மாமா எழுந்து நின்றார். பனைமரங்கள், அதற்குப் பின்னால் புகை, மணலில் ஆட்கள். எங்கள் மரத்துக்குத் தானே கரை சேரும் சக்தி இல்லை. நல்லவேளையாக ஆட்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். இரண்டு கட்டுமரங்கள் அலையைத் தாண்டி எங்களை நோக்கி வந்தன.

"உசுரோட கீறீங்களாடா?" என்று முதல் மரத்தில் இருந்த ஒரு வயதானவர் கத்தினார்.

தமிழ். கொஞ்சம் வேறு மாதிரி இழுத்துப் பேசிய தமிழ்.

மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "கேட்டியா? அருள், கேட்டியா? தமிழ்! பர்மாவுல தமிழன் வட்டிக்கடையில இருக்கான், வயல்ல இருக்கான், கட்டுமரத்துல இல்ல. இவங்க அந்தக் காலத்துல வந்தவங்க. இவங்களேதான்! நூ சோம் அரிவே! வந்து சேந்துட்டோம்!"

மண்டியிட்டுச் சிலுவை போட்டார். தண்ணீர் மார்புவரை வந்தது, அது அவருக்கு உறைக்கவில்லை. அழுதார். பிறகு தேசப்பனின் காதருகே குனிந்து, "தேசப்பா, ஜெயிச்சிட்டோம். அக்கரைக்கு வந்துட்டோம்" என்றார்.

தேசப்பனுக்குக் காய்ச்சலில் கண் திறக்க முடியவில்லை. அவர் காதிலும் அந்தத் தமிழ் விழுந்திருக்க வேண்டும். "ஊட்டுக்கு வந்துட்டமா?" என்றார். "அஞ்சலைய கூப்பிடுங்க."

"வீடு இல்ல தேசப்பா. அக்கரை!"

அந்த நேரத்தில் மாமாவின் வாயில் அறையலாம் போல இருந்தது எனக்கு. ஆமாம், வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று சொன்னால் என்ன குடி முழுகிவிடும்?

கரையில் எங்களைத் தூக்கிப் போட்டார்கள். பெண்கள் கஞ்சி கொண்டு வந்தார்கள். ஆண்கள் பழக்க தோஷத்தில் எங்கள் மரத்தின் கயிறுகளை வெட்டி, காப்போடு சேர்த்து வெட்டி, மரங்களை மணலில் பரப்பினார்கள். அந்தப் பெரியவர் தேசப்பனின் காலைப் பார்த்ததும் முகம் மாறி, வண்டி கட்டச் சொல்லி ஓர் ஆளை ஓடவிட்டார். டாக்டர் இருக்கிற ஊருக்கு உப்பங்கழியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமாம்.

மாமா தள்ளாடி எழுந்து அவர் அருகே போனார். வகுப்பில் பேசுகிற தமிழில் கேட்டார்.

"பெரியவரே, உங்கள் முன்னோர்கள் இங்கே எப்போது வந்தார்கள்?"

"யாருக்குத் தெரியும்? தாத்தனுக்குத் தாத்தன் காலத்துல" என்றார் அவர், காலில் கட்டுப் போட்டபடியே.

"கடல் வழியாகவா?"

பெரியவர் துணி பற்றவில்லை என்று யாரையோ அதட்டினார்.

"இது எந்த தேசம்?"

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தார். வெயிலிலும் உப்பிலும் வெந்துபோன முகத்தைப் பார்த்து, இவருக்கும் காய்ச்சல்தான் என்று நினைத்திருப்பார். பரிவோடு சொன்னார். "நெல்லூர் ஜில்லாய்யா."

"எந்த நெல்லூர்?"

"நெல்லூரு எத்தினி இருக்குது?"

மாமா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.   பர்மாவில் எந்த மூலையில் நெல்லூர் என்று ஒரு ஜில்லா இருக்கிறது என்று அவர் மனம் இன்னும் தேடிக்கொண்டிருந்தது என்றே நினைக்கிறேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

பெரியவர் தேசப்பனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எந்தக் குப்பம்பா நீ? யார் ஊட்டுப் புள்ள?" என்று கேட்டார். தேசப்பன் அப்பா பேரைச் சொன்னார், தாத்தா பேரைச் சொன்னார். நாலு பேர் கூடிப் பேசினார்கள். ஆந்திர எல்லையைத் தாண்டியும் அந்தக் கரைக் குப்பங்களில் தமிழ்தான்; எங்கள் கரையிலிருந்து அங்கே பெண் கொடுத்த வீடுகள் இருந்தன. தேசப்பன் அவர்களுக்கு உறவு. மாமன் முறை ஆகிறவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையைப் பிடித்தார்.

வண்டி வந்து சேருவதற்குள் தேசப்பன் போய்விட்டார். உச்சி வெயில். எங்கள் ஊரில் கடற்கரையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம்.

அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். உறவுக்காரர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் உறவுக்காரர்களே செய்தார்கள். மாமாவும் ஒரு கைப்பிடி மண் போட்டார். போட்ட பிறகும் கையை விரித்தபடியே வைத்திருந்தார், நான்தான் மடக்கிவிட்டேன்.

வைத்திக்குப்பம்

பஸ்ஸும் ரயிலுமாகத் திரும்பினோம். தண்ணீரில் அத்தனை நாள் அவதிப்பட்டுப் போன தூரத்தை உட்கார்ந்தபடியே கடந்தோம். மாமாவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். அக்கா கேட்டபடி அவள் புருஷனைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வாசலில் அவரைப் பார்த்ததும் அவள் அழவில்லை. தோளைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இவரையா உன்னைக் கூட்டி வரச் சொன்னேன் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அவர் அதற்குப் பிறகு வகுப்பெடுக்கப் போகவில்லை. சில வருஷம் கழித்து, ஊர்க்காரர்கள் பிரெஞ்சுப் பிரஜையா இந்தியப் பிரஜையா என்று விருப்பம் சொல்லலாம் என்று வந்தபோதும், எதையும் சொல்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

அதெல்லாம் பிறகு. வந்த மறுநாள் காலையில் அஞ்சலையைப் பார்க்கப் போனோம். சேதி எங்களுக்கு முன்பே கரையோரமாக வந்து சேர்ந்துவிட்டது. அழுது முடித்திருந்தாள். முகம் வீங்கி, தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் கருவாடு காய வேண்டுமே. கூடையோடு மணலில் நின்றாள்.

"எந்தக் கரையில தம்பி?"

ஊரின் பெயரைச் சொன்னேன்.

"அங்கதான எங்க சின்னாயாவ, எங்கம்மா தங்கச்சியக் குடுத்திருக்குது" என்றாள். "கல்யாணத்துக்கு எங்கம்மா என்னிய இடுப்புல தூக்கிக்கினு போச்சாம். எல்லாரும் கரையோரமாவே நடந்து போனாங்களாம். அங்கங்க குப்பத்துல தங்கிக்கினு, சோறு ஆக்கித் தின்னுக்கினு."

பிறகு மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"நடந்து போற ஊருக்கு ஏன் முசே அவர கடல்ல கூட்டிக்கினு போனீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால் நாங்கள் இருவரும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு திரும்பியிருப்போம், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். மாமா வாயைத் திறந்தார்.  அவளோ, இவ்வளவு படித்த முசே ஒரு காரணம் இல்லாமல் செய்திருக்க மாட்டார், இப்போது சொல்வார் என்று நம்பி, கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.